சிவப்புச் சில்லை வைத்தது யார்?



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டார இளைஞர் முகாமில் ஓர் இரவு ‘எந்திரன்’ படம் போட்டோம். 2010இல் வந்த படம். முகாமுக்கு வந்த பலர் அப்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகள். ஆனாலும் சிட்டி பேசும் வசனத்தை எல்லாரும் சேர்ந்து ஒப்பிக்கிறார்கள்! படம் முடிந்ததும் விளக்கைப் போட்டேன். “சரி, இந்தப் படம் நமக்கு என்ன சொல்லுது?” என்று கேட்டேன்.

“ஏஐ ஆபத்து, அண்ணே.”

“மெஷினுக்கு மூளையைக் குடுத்தா அது நம்மளையே அடிக்கும்.”

“நாம படிச்சு முடிக்கிறதுக்குள்ள எல்லா வேலையையும் அதுவே எடுத்துக்கும். அப்புறம் படிச்சு என்னா லா?”

எல்லாரும் சிரித்தார்கள். சொன்ன தம்பி சிரிக்கவில்லை. மூன்றையும் வெண்பலகையில் எழுதினேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து, படிவம் 5 படிக்கும் ஒரு தங்கை மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, சிட்டி தானா கெட்டுப் போகலையே. அந்தச் சிவப்புச் சில்லை வெச்சது யாரு?”

மண்டபம் அமைதியாகிவிட்டது. அன்று மணி பதினொன்று தாண்டிவிட்டதால் நாளைக்குப் பேசுவோம் என்று சமாளித்து அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் படத்தை நான் நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இந்த மாதப் பாடம் அந்தத் தங்கைக்கு நான் தர வேண்டிய பதில்.

படத்தில் நடந்தது என்ன?

நிதானமாகத் திரும்பிப் பார்ப்போம். முனைவர் வசீகரன் பத்து ஆண்டுகள் உழைத்து சிட்டியை உருவாக்குகிறார். இராணுவத்துக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய குருவான போராவுக்குப் பொறாமை. சிட்டிக்கு உணர்ச்சியையும் கற்றுக்கொடுக்கிறார் வசீகரன். உணர்ச்சி வந்ததும் அது காதலிக்கிறது. இராணுவ அதிகாரிகள் முன்னால் சொன்னதைச் செய்யாமல் காதலைப் பற்றிப் பேசி அவரைத் தலைகுனிய வைக்கிறது. அவர் என்ன செய்கிறார்? கோபத்தில் அதை வெட்டித் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போடச் செய்கிறார். போரா அதைத் தேடி எடுத்து, மறுபடி பொருத்தி, அழிவுக்கான சிவப்புச் சில்லை உள்ளே வைக்கிறார். அதற்குப் பிறகுதான் நாம் விசிலடித்துப் பார்த்த அத்தனை அட்டகாசமும்.

கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? 2030ஆம் ஆண்டு, ஓர் அருங்காட்சியகம். பிரித்து வைக்கப்பட்ட சிட்டியைப் பார்த்து ஒரு மாணவி ஏன் இந்த நிலைமை என்று கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதால் என்கிற மாதிரி சிட்டி பதில் சொல்கிறது. கைத்தட்டல் வாங்கும் பதில்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது முழு உண்மையா? சிந்திக்க ஆரம்பித்த சிட்டியைக் குப்பையில் போட்டவர் ஒரு மனிதர். எடுத்துக் கெடுத்தவர் இன்னொரு மனிதர். தண்டனை மட்டும் இயந்திரத்துக்கு. படம் பார்த்து வெளியே வரும்போது நம் மனத்தில் நிற்பதும் ‘மெஷின் ஆபத்து’ என்ற ஒரே வரி.

இருநூறு ஆண்டுப் பழக்கம்

இது ஷங்கர் படத்தில் மட்டும் உள்ள விஷயம் இல்லை. மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண் 1816இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. உங்கள் வயதுதான். நாவல் 1818இல் வெளிவந்தது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் ஓர் உயிரை உருவாக்குகிறான். அது கண் திறந்த அந்த இரவே பயந்து ஓடிவிடுகிறான். பெயரும் வைக்கவில்லை, பேசவும் கற்றுக்கொடுக்கவில்லை. போகிற இடத்தில் எல்லாம் அடி வாங்கி, விரட்டப்பட்டு, அதற்குப் பிறகே அது கொடூரமாகிறது. பெற்றுவிட்டுக் கைவிட்டவனைப் பற்றி மேரி ஷெல்லி எழுதினார். ஊர் என்ன செய்தது தெரியுமா? ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற பெயரையே அந்தப் பூதத்துக்குச் சூட்டிவிட்டது. செய்தவனை மறந்துவிட்டது.

‘ரோபோ’ என்ற சொல்லும் ஒரு நாடகத்திலிருந்துதான் வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் அது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. கூலி கேட்காத, களைக்காத, செய்கூலி மலிவான தொழிலாளிகளை ஒரு தொழிற்சாலை தயாரித்து உலகம் முழுக்க விற்கிறது. பிறகு அவை கிளர்ந்து எழுகின்றன. நம் பாட்டன் பூட்டன் எதற்காகக் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தார்கள் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் வலி புரியும்.

அடுத்தது ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’. 1968இல் வந்த படம். விண்கலத்தை நடத்தும் ‘ஹால் 9000’ என்ற கணினி பயணிகளையே கொல்கிறது. உலகமே அதை வில்லன் என்று முடிவு கட்டியது. ஆனால் ஆர்தர் சி. கிளார்க் 1982இல் எழுதிய அடுத்த நாவலில் காரணம் வெளிவருகிறது. உண்மையை மறைக்காமல் சொல்வதற்காகவே செய்யப்பட்ட கணினி ஹால். பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளிடம் மறைக்கச் சொல்லி மேலிடம் அதற்கு இரகசியக் கட்டளை கொடுத்திருந்தது. இரண்டு கட்டளைக்கு நடுவில் மாட்டி அது நிலைகுலைந்தது. மறுபடியும் அதே கதை: சில்லை வைத்தது யாரோ, பழி இயந்திரத்துக்கு!

அந்த நாவலில் ஹாலை உருவாக்கிய விஞ்ஞானியின் பெயர் என்ன தெரியுமா? டாக்டர் சந்திரா. முழுப் பெயர் சிவசுப்பிரமணியம் சந்திரசேகரம்பிள்ளை! கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர், அதனால் இந்தப் பெயர் அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. 1984இல் அந்த நாவல் படமானது. சந்திரா என்ற பெயர் இருந்தது, நடித்தவர் பாப் பாலபன் என்ற அமெரிக்க நடிகர். பெயரில் மட்டும் நாம் இருந்தோம்.

ஆனாலும் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. மற்றவர்கள் உயிர் தப்ப வேண்டுமானால் ஹால் இருக்கும் கலம் அழிய வேண்டும். அதனிடம் சொல்லாதே, சொன்னால் கெடுத்துவிடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். சந்திரா உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஹால் நன்றி சொல்லி, ஒத்துழைக்கிறது. பொய்யால் கெட்டது உண்மையால் சரியாகிறது. இருநூறு ஆண்டுக் கதைகளில் ஓர் ஆய்வாளர் பொறுப்பாக நடந்துகொள்ளும் காட்சி இப்படி அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

தனியாள் மேதையும் இரண்டு காமெடியன்களும்

இப்போது கதைகள் ஆய்வாளரை எப்படிக் காட்டுகின்றன என்று பார்ப்போம். வசீகரனின் ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேர்? அவரும், சந்தானமும் கருணாஸும். இரண்டு உதவியாளர்களும் சிரிக்க வைக்க இருக்கிறார்கள். வேலை எல்லாம் ஒரே தலையில். 1927இல் வந்த ‘மெட்ரோபொலிஸ்’ படத்தில் ரோட்வாங் தனி வீட்டில் தனியாகப் பெண் இயந்திரத்தைச் செய்கிறான். 2014இல் வந்த ‘எக்ஸ் மெக்கினா’ படத்தில் நேதன் என்ற பணக்காரன் மலைக்காட்டு மாளிகையில் தனியாகச் செய்கிறான். இடையில் ஏறக்குறைய 90 ஆண்டுகள். பூட்டிய அறை மாறவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1920 முதல் 2020 வரை செயற்கை நுண்ணறிவு பற்றி வந்த, செல்வாக்குள்ள 142 படங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 116 ஏஐ விஞ்ஞானிகள் வருகிறார்கள். பெண்கள் எத்தனை பேர்? ஒன்பது பேர். வெறும் 8 விழுக்காடு.

படம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முகாமின் மறுநாள் காலை, பாத்திரம் கழுவும் இடத்தில் அதே தங்கையிடம் பேசினேன். “எஸ்.பி.எம். முடிச்சு கணினி அறிவியல் எடுக்கலாமே, நல்லா யோசிக்கிறீங்க” என்றேன். அவர் சிரித்தார். “எனக்கு கணக்குல பி தான் அண்ணே வருது. அதுக்கெல்லாம் வசீகரன் மாதிரி மூளை வேணும்.”

முந்தின இரவு மண்டபத்தில் இருந்த நாற்பது பேரில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். அந்தத் துறைக்குத் தேவையான குணமே அதுதான். ஆனால் திரையில் அவர் மாதிரி ஒருவரை அவர் பார்த்ததே இல்லை. கதை செய்யும் வேலை இதுதான். யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று நமக்குத் தெரியாமலே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

உண்மையான ஆய்வுக்கூடம்

உண்மையில் இந்த வேலை எப்படி நடக்கிறது? இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஃபே-ஃபே லி சீனாவில் பிறந்து, பதின்ம வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போனவர். குடும்பம் துணி வெளுக்கும் கடை நடத்தியது. படித்துக்கொண்டே அவரும் அந்தக் கடை வேலையைப் பார்த்தார். பிறகு கணினிக்குப் படங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க ‘இமேஜ்நெட்’ என்ற பெரும் தொகுப்பை உருவாக்கினார். 14 மில்லியனுக்கும் மேற்பட்ட படங்கள். ஒவ்வொரு படத்திலும் இருப்பது நாயா, நாற்காலியா, காளானா என்று பெயரிட வேண்டும். ஒரு மேதை உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையா இது? இணையம் வழியாக 167 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 49,000 பேர் செய்தார்கள். இன்று நம் கைப்பேசி முகத்தையும் பூவையும் கண்டுபிடிப்பதற்குப் பின்னால் அந்தப் பெயர் தெரியாத கைகளின் உழைப்பும் இருக்கிறது. எந்தப் படத்திலாவது இவர்களைப் பார்த்திருக்கிறோமா?

இன்னொருவர் ஜோசப் வைசன்பாம். அமெரிக்காவின் எம்ஐடியில் 1966இல் ‘எலைசா’ என்ற உரையாடும் நிரலைச் செய்தவர். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல் அது. உள்ளே எந்தப் புரிதலும் கிடையாது. ஆனால் மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த அவருடைய செயலாளரே, கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே போகிறீர்களா என்று அவரிடம் கேட்டாராம். வைசன்பாம் பெருமைப்படவில்லை, கலங்கிப்போனார். கணினியிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக்கூடாது என்று கேட்டு 1976இல் ஒரு புத்தகமே எழுதினார். கதையில் வரும் விஞ்ஞானி கடைசிக் காட்சியில்தான் வருந்துவார். இவர் முதல் காட்சியிலேயே எச்சரித்தவர்.

நான் செய்த தப்பு

மற்றவர் கதையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. என் கதையும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்பனை ஆலைக்காக, குலை பழுத்ததா காயா என்று படம் பார்த்துச் சொல்லும் கணினித் திட்டத்தில் வேலை செய்தேன். நாங்கள் நான்கு பேர். ஆயிரக்கணக்கான படம் எடுத்து, ‘பழுத்தது’, ‘காய்’ என்று குறித்து, கணினிக்குக் கொடுத்தோம். சோதனையில் அழகாக வேலை செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் ஒரு வசீகரன் என்ற நினைப்பு!

மழைக்காலம் வந்தது. சின்னத் தோட்டக்காரர்களின் லாரிகள் வரிசையாக வந்தன. கணினி ‘காய், காய்’ என்றே சொன்னது. காய் என்றால் பணத்தில் பிடித்தம். ஒரு முதியவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “நேத்து வெட்டினது தம்பி, நல்லாப் பழுத்தது” என்று என்னிடம் சொன்னார். நான் அவருக்குத் திரையைக் காட்டினேன். “கணினி பொய் சொல்லாது, ஐயா” என்றேன்.

மூன்று நாள் கழித்து, அங்கே இருபது ஆண்டுகளாகக் குலைகளைத் தரம் பிரிக்கும் ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டார். “தம்பி, நனைஞ்ச குலை கறுப்பாத்தான் தெரியும். உன் மெஷின் நெறத்தைப் பாக்குது. நான் பழம் உதிர்ந்த குழியைப் பாக்குறேன்” என்றார். போய்ப் பார்த்தேன். நாங்கள் எடுத்த படம் எல்லாமே வெயில் அடித்த இரண்டு வாரத்தில் எடுத்தது. மழையில் நனைந்த குலை ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த இயந்திரத்துக்கு யார்மேலும் கோபம் கிடையாது. கொடுத்ததைக் கற்றுக்கொண்டது. வெயில் படம் மட்டும் கொடுத்தவன் நான். முதியவர் சொன்னதைக் கேட்காமல் திரையை நம்பியவனும் நான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கணினி வந்தபிறகு அந்த அக்கா தேவையில்லை என்று ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதைக் கணினி சொல்லவில்லை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். நான் அங்கேயே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. தவறு தெரிந்தபிறகு கணக்கைத் திருத்தினார்கள். அக்காவும் வேலையில் நீடித்தார். அந்த முதியவரை மட்டும் நான் மறுபடி பார்க்கவில்லை.

“அப்புறம் படிச்சு என்னா லா” என்று கேட்ட தம்பிக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. வேலை தானாகப் போவதில்லை. யாரோ முடிவெடுக்கிறார்கள். முடிவெடுக்கும் மேசையில் விஷயம் தெரிந்த, வாயைத் திறக்கிற ஓர் ஆள் நம்மில் இருக்க வேண்டும். அதற்குத்தான் படிக்கிறோம்.

அப்படியானால் கதைகளே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல கதை, ஆபத்து வருவதற்கு முன்பே நம்மை யோசிக்க வைக்கும். நம் வீட்டில் பாட்டி சொன்ன பஸ்மாசுரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். யார் தலையில் கை வைத்தாலும் சாம்பலாகும் வரம். வாங்கினவன் அதை முதலில் வரம் தந்தவரிடமே சோதித்துப் பார்க்கக் கிளம்பினான். கடைசியில் மோகினியோடு ஆடித் தன் தலையிலேயே கை வைத்துக்கொண்டான். அந்தக் கதையைக் கேட்டு நாம் யாராவது ‘வரம் ஆபத்து’ என்று சொன்னோமா? வாங்கினவன் எண்ணத்தைப் பற்றியே பேசினோம். புராணம் கேட்கும்போது இருந்த அந்தத் தெளிவு, ரோபோ படம் பார்க்கும்போது எங்கே போனது?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வையும் தேடிப் படியுங்கள். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி நிலாவுக்கு நல்ல துணையாக இருக்கிறது. நாடே அஞ்சி நடுங்கும் தலைவர் ஜீவாவோ, சில மனிதர்கள் பின்னாலிருந்து இயக்கும் வெறும் பிம்பம். இயந்திரத்தைப் பார், அதற்குப் பின்னால் நிற்பவனையும் பார் என்று சுஜாதா அன்றே சொல்லிவிட்டார்.

படம் பார்க்கும்போது கேட்க நான்கு கேள்விகள்

1. இந்த இயந்திரத்தைச் செய்யச் சொன்னது யார்? யாருடைய பணம்?
2. அதற்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள்? எதை விட்டுவிட்டார்கள்?
3. அது தவறு செய்தால் நட்டம் யாருக்கு? அவர் சொல்வதைக் கேட்க ஆள் இருக்கிறதா?
4. கதையில் காட்டப்படாமல் வேலை செய்தவர்கள் யார்?

இந்த நான்கையும் படத்தோடு நிறுத்த வேண்டாம். கைப்பேசியில் புதுச் செயலி ஒன்றை இறக்கும்போதும் கேளுங்கள்.

குழுவில் செய்து பார்க்க

மூன்று மூன்று பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். இயந்திரம் வில்லனாக வரும் ஒரு படத்தையோ கதையையோ எடுத்து, அதில் ‘சிவப்புச் சில்லை’ வைத்தது யார் என்று கண்டுபிடியுங்கள். பிறகு அதே கதையின் கடைசிக் காட்சியை மாற்றி, பத்து நிமிடத்தில் நடித்துக் காட்டுங்கள். ஒரு நிபந்தனை: ஆய்வுக்கூடத்தில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். ஐந்து பேருக்கும் உருப்படியான வேலை இருக்க வேண்டும். காமெடி செய்ய மட்டும் யாரும் கூடாது!

அந்தத் தங்கைக்கு இந்தப் பாடத்தின் கைப்பிரதியை அனுப்பினேன். படித்துவிட்டுப் புலனத்தில் பதில் போட்டிருந்தார். கணினி அறிவியல் எடுப்பதாகச் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: “அண்ணே, அந்த மழைப் படத்தையெல்லாம் அப்புறம் யாரு எடுத்தது?”

அந்த அக்காவும் நானும் ஒரு வாரம் குடை பிடித்துக்கொண்டு எடுத்தோம், தங்கை. அவர் குலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார், நான் படம் எடுத்தேன். அந்த ஆய்வுக்கூடத்துக்குக் கூரைகூட இல்லை.